கையெழுத்து யாருடையது, முடிவு யாருடையது? இந்திய ஒன்றிய அரசின் நிர்வாகத் துறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியப்பா மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்தில் ஒரு திருத்தம் கேட்டு மனுப் போட்டுவிட்டுப் பதினான்கு மாதம் காத்திருந்தார். ஒருவழியாக ஒரு பக்கக் கடிதம் வந்தது. "குடியரசுத் தலைவரின் ஒப்புதலைத் தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்" என்று தொடங்கிய அந்தக் கடிதத்தின் அடியில் ஒரு சார்புச் செயலாளரின் கையெழுத்து இருந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்: "குடியரசுத் தலைவரே என் கோப்பைப் பார்த்தாராப்பா?"

பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வரி பொய்யும் இல்லை. அது எப்படி என்று அவருக்கு விளக்க உட்கார்ந்தபோதுதான், படித்தவர்களிடம்கூட இதைப் பற்றி எவ்வளவு குழப்பம் இருக்கிறது என்று புரிந்தது. அரசின் ஒவ்வொரு செயலுக்குப் பின்னாலும் மூன்று பேரைத் தேட வேண்டும். யார் பெயரில் அது நடக்கிறது, யார் முடிவெடுத்தார், யார் பதில் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் யாரையும் கேள்வி கேட்க முடியாது. அதனால்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

நிர்வாகத் துறை என்பதில் யாரெல்லாம் அடக்கம்?

அரசமைப்புச் சட்டத்தின் 52 முதல் 78 வரையிலான பிரிவுகள் குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர், அமைச்சர்கள், அரசின் தலைமை வழக்கறிஞர் ஆகியோரைப் பற்றிப் பேசுகின்றன. நடைமுறையில் அமைச்சகச் செயலாளர் முதல் அஞ்சலக எழுத்தர் வரை எல்லோரும் இதன் கைகள்தான்.

இதன் வேலை என்ன என்பதற்குச் சட்டத்தில் வரையறை கிடையாது. 1950-களின் தொடக்கத்தில் பஞ்சாப் அரசு பள்ளிப் பாடநூல் வெளியீட்டைத் தானே எடுத்துக்கொண்டபோது, "இதற்கென்று ஒரு சட்டமே இல்லையே, அரசு எப்படிச் செய்யலாம்?" என்று பதிப்பாளர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ராம் ஜவாயா கபூர் வழக்கு என்று பெயர், தீர்ப்பு வந்தது 1955-இல். சட்டமியற்றுவதையும் நீதி வழங்குவதையும் கழித்துவிட்டால் எஞ்சி நிற்பதெல்லாம் பொதுவாக நிர்வாகத்தின் வேலை என்றும், ஒவ்வொரு காரியத்துக்கும் முன்கூட்டியே ஒரு சட்டம் தேவையில்லை என்றும் தலைமை நீதிபதி பி.கே. முகர்ஜி தலைமையிலான அமர்வு சொன்னது. ஆனால் ஒருவரது உரிமையில் கை வைக்க வேண்டுமானால் சட்டத்தின் துணை வேண்டும். பள்ளிக்கூடம் கட்ட அரசுக்குச் சட்டம் வேண்டாம். உங்கள் நிலத்தை எடுத்துக் கட்ட வேண்டுமானால் வேண்டும்.

"மத்திய அரசு", "ஒன்றிய அரசு" எது சரி?

அரசமைப்புச் சட்டம் பேசுவது ஒன்றியத்தைப் பற்றித்தான். இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது முதல் பிரிவு. "மத்திய அரசு" என்ற சொல் பொதுவிதிகள் சட்டத்திலும் ஏராளமான பிற சட்டங்களிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே அரசைத்தான் குறிக்கின்றன. இந்தப் பக்கத்தில் இரண்டையும் பயன்படுத்துகிறேன்.

அதிகாரமெல்லாம் குடியரசுத் தலைவரிடம் என்று எழுதியிருக்கிறதே. பிறகு எப்படிப் பிரதமர் ஆட்சி செய்கிறார்?

53-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவரிடம், முப்படைகளின் உச்சத் தலைமையும் அவரிடம். அடுத்து 74-ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். பிரதமரைத் தலைமையாகக் கொண்ட அமைச்சர்கள் குழு அவருக்கு உதவியும் ஆலோசனையும் வழங்கும். அந்த ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டாக வேண்டுமா என்று ஆரம்பத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. மரபு அப்படித்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள். 1976-இல் 42-ஆவது திருத்தம் அதைச் சட்ட வாசகமாகவே ஆக்கியது. 1978-இன் 44-ஆவது திருத்தம் சிறிய கதவொன்றைத் திறந்து வைத்தது: ஆலோசனையை மறுபரிசீலனை செய்யுமாறு ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மறுபடியும் அதே ஆலோசனை வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பெரியப்பாவின் கடிதத்துக்கு விடை 77-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒன்றிய அரசின் எல்லா நிர்வாகச் செயல்களும் குடியரசுத் தலைவரின் பெயராலேயே வெளியிடப்பட வேண்டும். எந்த வேலை எந்த அமைச்சகத்துக்கு, எது அமைச்சரவை வரை போக வேண்டும், எதைக் கீழே முடித்துவிடலாம் என்பதற்கு 1961-இல் வகுத்த இரண்டு விதித் தொகுப்புகள் உள்ளன. ஓய்வூதியத் திருத்தம் அமைச்சகத்துக்குள்ளேயே முடிந்துவிடும் காரியம். பெயர் குடியரசுத் தலைவருடையது, முடிவு அமைச்சகத்துடையது, பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர்.

அப்படியானால் குடியரசுத் தலைவர் வெறும் ரப்பர் முத்திரையா?

எனக்கு இந்தச் சொல் பிடிப்பதில்லை. வரலாற்றைப் பார்த்தால் அது உண்மையும் இல்லை.

1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசை நீக்கிக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரலாம் என்று குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. கே.ஆர். நாராயணன் அதைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை பரிந்துரையைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு பீகார் விஷயத்தில் வாஜ்பாய் அமைச்சரவைக்கும் அதே பதில். இரண்டு தடவையும் அவர் எந்த விதியையும் மீறவில்லை. 44-ஆவது திருத்தம் திறந்து வைத்த கதவைத்தான் பயன்படுத்தினார்.

2006-இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வகிக்கும் ஆதாயம் தரும் பதவிகள் தொடர்பான மசோதாவை அப்துல் கலாம் நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். 111-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது, பண மசோதாவுக்கு மட்டும் கிடையாது. நாடாளுமன்றம் அதை அப்படியே மீண்டும் நிறைவேற்றியது, அவர் ஆகஸ்டில் கையெழுத்திட்டார். தோற்றுவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சில வாரங்கள் நாடு முழுதும் அந்த மசோதாவைப் பற்றிப் பேசியது.

மூன்றாவது வழி மௌனம். கையெழுத்திட இத்தனை நாள் என்று 111-ஆவது பிரிவு கெடு வைக்கவில்லை. தனியார் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தந்த 1986-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவில் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அந்த மசோதா சட்டமாகவே இல்லை.

யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் பிரதமரைத் தேர்ந்தெடுப்பது யார்?

அங்கேதான் குடியரசுத் தலைவரின் சொந்த விவேகம் வேலை செய்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் ஆலோசனை சொல்ல மக்களின் தீர்ப்பைப் பெற்ற அமைச்சரவை எதுவும் இல்லை. 1989-இல் ஆர். வெங்கட்ராமன் தனிப்பெரும் கட்சியின் தலைவரான ராஜீவ் காந்தியை முதலில் அழைத்தார். அவர் மறுத்ததும் வி.பி. சிங்கை அழைத்தார். 1996-இல் அதே முறையில், தனிப்பெரும் கட்சியின் தலைவராக அழைக்கப்பட்ட வாஜ்பாய் 13 நாளில் பதவி விலகினார். 1979-இல் பிரதமரான சரண் சிங் ஒரு நாள்கூட நம்பிக்கை வாக்குக் கோராமலேயே விலகினார். எழுதிய விதி ஏதும் இல்லாத இடம் இது.

தேர்தலில் நிற்காதவர் அமைச்சராகலாமா? எத்தனை பேர் வரை?

ஆகலாம், ஆறு மாதத்துக்குள் ஏதேனும் ஓர் அவையில் உறுப்பினராகிவிட வேண்டும். 1991 ஜூனில் பதவியேற்றபோது நரசிம்ம ராவ் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. ஆறு மாதம் முடிந்ததும் ராஜினாமா செய்துவிட்டு மறுபடி பதவியேற்கும் தந்திரம் செல்லாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எண்ணிக்கைக்கு 91-ஆவது திருத்தம் வரம்பு கட்டியது: பிரதமரையும் சேர்த்து மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காடு. 543 பேர் உள்ள அவைக்கு 81.

அமைச்சர்கள் குழுவும் அமைச்சரவையும் ஒன்றா?

இல்லை. இணையமைச்சர், துணையமைச்சர் எல்லோரையும் சேர்த்தால் அமைச்சர்கள் குழு. அதற்குள் மூத்தவர்கள் மட்டும் கூடி முடிவெடுக்கும் சிறிய வட்டம்தான் அமைச்சரவை. "அமைச்சரவை" என்ற சொல் முதலில் அரசமைப்புச் சட்டத்தில் கிடையாது. இப்போது ஒரே ஓர் இடத்தில், நெருக்கடி நிலை பற்றிய 352-ஆவது பிரிவில் இருக்கிறது. அது அங்கே வந்து சேர்ந்த விதத்தை ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1975 ஜூன் 25 இரவு. பிரதமர் இந்திரா காந்தி குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். உள்நாட்டுக் குழப்பத்தால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து, நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டும் என்பது கோரிக்கை. அமைச்சரவையைக் கூட்டியிருப்பேன், இந்த இரவில் அது இயலவில்லை, ஆகவே (மேலே சொன்ன 1961-ஆம் ஆண்டின்) அலுவல் விதிகளின் 12-ஆவது விதியின்படி அதைத் தவிர்க்கிறேன் என்றும் அதில் இருந்தது. 12-ஆவது விதி, தேவையென்று கருதினால் பிரதமர் நடைமுறையிலிருந்து விலகிக்கொள்ள இடம் தருகிறது. அந்த இரவிலேயே குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூடிய அமைச்சர்கள், நாடு ஏற்கெனவே நெருக்கடி நிலையில் இருப்பதை அப்போதுதான் அறிந்துகொண்டார்கள். ஒப்புதல் தந்தார்கள். அதற்குள் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள்.

21 மாதம் கழித்து ஆட்சி மாறியது. புதிய நாடாளுமன்றம் அந்த இரவை நினைவில் வைத்து 44-ஆவது திருத்தத்தை எழுதியது. அமைச்சரவையின் முடிவு எழுத்து வடிவில் வராமல் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலை அறிவிக்கக் கூடாது. "உள்நாட்டுக் குழப்பம்" என்ற தளர்ந்த சொல் போய் "ஆயுதக் கிளர்ச்சி" வந்தது. ஒரே மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையுடன் ஏற்க வேண்டும்.

12-ஆவது விதி மட்டும் அப்படியே இருக்கிறது. 2019 நவம்பர் 23 அதிகாலையில் மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்டதும் இதே விதியின்கீழ், அமைச்சரவை கூடாமலேதான். இந்த விதிக்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் அமைச்சகத்தில் தவறு நடந்தால் பொறுப்பு அமைச்சருக்கா, அதிகாரிக்கா?

நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர். இதற்கு இரண்டு சான்றுகள் நம் பக்கத்திலிருந்தே இருக்கின்றன.

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம். பாலம் நிலைகுலைந்து தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பாலத்தைக் கட்டியவரும் அல்ல, பராமரித்தவரும் அல்ல. பதவி விலகினார்.

இரண்டாவது, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. புதிதாக அரசுடைமையான ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ரா என்ற தொழிலதிபரின் நலிந்த நிறுவனங்களின் பங்குகளை ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கியது. ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தியே மக்களவையில் எழுந்து கேள்வி கேட்டார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். அந்த முடிவில் தனக்கு நேரடிப் பங்கு இல்லை, செயலாளர் செய்தது என்பது அமைச்சரின் வாதம். செயலாளரின் செயலுக்கு அமைச்சரே அரசமைப்பின்படி பொறுப்பு, அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்க முடியாது என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார்.

இந்த மரபு இன்று மிகவும் தேய்ந்துவிட்டது. விபத்து நடந்தால் நிலைய அதிகாரி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார், கோப்பு மூடப்படுகிறது. சட்டம் மாறவில்லை. கேட்கிறவர்களின் குரல்தான் குறைந்துவிட்டது.

கூட்டுப் பொறுப்பு என்றால்?

அமைச்சர்கள் குழு முழுவதும் ஒரே ஆளாக மக்களவைக்குப் பொறுப்பு. அவையின் நம்பிக்கை போனால் எல்லோரும் போக வேண்டும். 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டபின் வாஜ்பாய் நம்பிக்கை வாக்குக் கோரினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. முடிவு பிடிக்காத அமைச்சர் உள்ளே வாதாடலாம். வெளியே வந்து அதை எதிர்த்துப் பேச வேண்டுமானால் முதலில் பதவியை விட வேண்டும்.

துணைக் குடியரசுத் தலைவருக்கு நிர்வாகத்தில் என்ன வேலை?

ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மாநிலங்களவையை நடத்துவார். குடியரசுத் தலைவர் பதவி காலியானால், ஆறு மாதத்துக்குள் புதியவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை பொறுப்பு வகிப்பார். 1969-இல் ஜாகிர் உசேன் மறைந்தபோது வி.வி. கிரி அப்படிப் பொறுப்பேற்றார். பிறகு அவரும் தேர்தலில் நிற்க விலகவே, தலைமை நீதிபதி ஹிதயதுல்லா சில வாரங்கள் குடியரசுத் தலைவர் பொறுப்பில் இருந்தார்.

அவசரச் சட்டம் என்பது என்ன? அது ஜனநாயகத்துக்கு விரோதமா?

நாடாளுமன்றத்தின் ஏதேனும் ஓர் அவையாவது கூட்டத்தொடரில் இல்லாதபோது, உடனடியாகச் செயல்பட வேண்டிய நிலை இருந்தால், குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி பிறப்பிக்கும் சட்டம். 123-ஆவது பிரிவு. அவை கூடியதும் அதன் முன் வைக்க வேண்டும். கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் நிறைவேறாவிட்டால் தானாகச் செத்துவிடும்.

உடனடித் தேவை என்பதை அரசே தீர்மானிப்பதுதான் சிக்கல். மேலே சொன்ன வி.வி. கிரி, 1969 ஜூலை 19 சனிக்கிழமை 14 வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடாளுமன்றம் கூட வேண்டிய நாள் ஜூலை 21. இரண்டு நாள் பொறுத்திருக்க முடியாதா? வங்கி நாட்டுடைமையை ஆதரிப்பவன் நான். ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் நாளை வேறொரு அரசு நமக்குப் பிடிக்காத காரியத்தை இதே வழியில் செய்யும்.

ஆளுநர்களுக்கும் இதே அதிகாரம் 213-ஆவது பிரிவில் உண்டு. அதை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்று பீகார் காட்டியது. 1967-க்கும் 1981-க்கும் இடையில் 256 அவசரச் சட்டங்கள். அவை கூடிக் கலைந்ததும் காலாவதியானதை மறுபடி பிறப்பித்துக்கொண்டே போனதில் சில 14 ஆண்டு வரை உயிரோடு இருந்தன. பொருளாதார ஆய்வாளர் டி.சி. வாத்வா அரசிதழ்களைப் புரட்டி இதைத் தோண்டியெடுத்து வழக்குத் தொடுத்தார். இது அரசமைப்புச் சட்டத்தின்மீது நடத்தப்படும் மோசடி என்றது உச்ச நீதிமன்றம். 2017-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு மீண்டும் அதையே அழுத்திச் சொன்னது.

நல்ல விதமாகவும் இது பயன்படும். 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது, ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் ஜனவரி 21-இல் பிறப்பிக்கப்பட்டது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் மாநில அவசரச் சட்டத்துக்கு மத்திய அரசின் இசைவும் தேவைப்பட்டது. இரண்டே நாளில் சட்டப்பேரவை கூடி அதை முறையான மசோதாவாக நிறைவேற்றியது. அவசரச் சட்டத்தின் ஆயுள் இவ்வளவுதான் இருக்க வேண்டும்.

சட்டம் நிறைவேறியும் ஏன் நடைமுறைக்கு வருவதில்லை?

பல சட்டங்களில் "விதிகளை அரசு வகுக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். விண்ணப்பப் படிவம், கட்டணம், காலக்கெடு, அதிகாரி யார் என்பதெல்லாம் அந்த விதிகளில்தான் வரும். அவற்றை எழுதுவது அமைச்சகம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது, விதிகள் வந்தது 2024 மார்ச்சில். அந்த நாலேகால் ஆண்டும் அந்தச் சட்டத்தின்படி யாரும் விண்ணப்பிக்க முடியவில்லை. விதிகளை நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்க வேண்டும் என்பது முறை. வைக்கிறார்கள். படிக்கிறவர்கள் குறைவு.

ஒரே அறிவிக்கையால் இவ்வளவு செய்ய முடியுமா?

2016 நவம்பர் 8 இரவை மறந்திருக்க மாட்டீர்கள். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றது ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26(2) பிரிவின்கீழ் வெளியான ஓர் அரசிதழ் அறிவிக்கை. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு அந்த ஒரே தாளில் அடங்கியது. 2023 ஜனவரி 2-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதைச் செல்லும் என்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பி.வி. நாகரத்னா, யோசனை மத்திய அரசிடமிருந்து வந்தால் அதை அறிவிக்கையால் செய்யக் கூடாது, சட்டமாகவோ அவசரச் சட்டமாகவோ செய்திருக்க வேண்டும் என்றார். வங்கி வாசல்களில் நின்றவர்களுக்கு இந்த வேறுபாடு நுணுக்கமாகத் தோன்றலாம். முடிவு சரியா தவறா என்பதைப் போலவே, அதை யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்பதும் நம் வாழ்க்கையைத் தொடுகிற கேள்விதான்.

அரசு தன் விருப்பப்படி பணம் செலவழிக்கலாமா?

முடியாது. சட்டமின்றி வரி இல்லை என்கிறது 265-ஆவது பிரிவு. அரசின் வருவாய் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவும் நாடாளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்ற வேண்டும். எதிர்பாராத செலவுக்குத் தற்செயல் நிதி உண்டு. செலவானபின் தணிக்கைத் தலைவர் கணக்குப் பார்ப்பார். காகிதத்தில் பூட்டு வலுவானது. நடைமுறையில் பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள், அதாவது செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கைகள், விவாதமே இல்லாமல், கடைசி நாளில் மொத்தமாக வாக்குக்கு விடப்பட்டு நிறைவேறுகின்றன. நேரம் இல்லை என்பார்கள். லட்சக்கணக்கான கோடிக்கு நேரம் இல்லை என்றால் வேறு எதற்கு இருக்கிறது?

நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடலாமா?

போடலாம். ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் ஏற்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் இல்லை. 1987 ஜூலை 29-இல் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தமும், அதையொட்டி அமைதிப் படை அனுப்பப்பட்டதும் நிர்வாகத்தின் முடிவுகள்தான்.

நாட்டின் நிலப்பகுதியை விட்டுக்கொடுப்பது மட்டும் வேறு. மேற்கு வங்கத்தின் பெருபாரி என்ற பகுதியைப் பாகிஸ்தானுக்குப் பிரித்துக்கொடுக்க நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ் கான் நூனும் 1958-இல் ஒப்புக்கொண்டார்கள். அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தாமல் அது முடியாது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. 9-ஆவது திருத்தம் அதற்காகவே வந்தது. 2015-இல் வங்கதேசத்துடன் நிலப்பகுதிகளைப் பரிமாறிக்கொள்ள 100-ஆவது திருத்தம் தேவைப்பட்டது.

கச்சத்தீவுக்கு அப்படி எதுவும் வரவில்லை. 1974 ஒப்பந்தத்தின்போது, அது யாருக்கென்று தீராத பகுதி, எல்லையை வரையறுத்தோமே தவிர நம் மண்ணைக் கொடுக்கவில்லை என்பது அரசின் நிலைப்பாடு. தமிழ்நாட்டில் இதை ஏற்காதவர்களின் வாதம் முழுவதும் பெருபாரியை மேற்கோள் காட்டித்தான் நிற்கிறது. எது சரி என்பதை ஒருபக்கம் வைத்துவிட்டாலும், ராமேஸ்வரம் மீனவரின் வலையை நேரடியாகத் தொடுகிற ஒரு முடிவு அவையின் வாக்குக்கு விடப்படாமலே போனது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மாநில அரசைக் கலைக்கும் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும்?

356-ஆவது பிரிவு, "ஆளுநரிடமிருந்து அறிக்கை பெற்றோ, வேறு வகையிலோ" என்கிறது. "வேறு வகையிலோ" என்ற இரண்டே சொல்லின் எடையைத் தமிழ்நாடு அறியும். 1991 ஜனவரி 30-இல் மு. கருணாநிதி அரசு கலைக்கப்பட்டபோது ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். சந்திரசேகர் அரசு அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையெழுத்திட்டார்.

1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கடிவாளம் போட்டார்கள். பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டப்பேரவை, ராஜ்பவன் அல்ல. கலைப்புக்கான காரணங்களை நீதிமன்றம் ஆராயலாம். நாடாளுமன்றம் ஏற்கும்வரை பேரவையைக் கலைக்கக் கூடாது. அதற்குப்பின் 356 பயன்படுத்தப்படுவது வெகுவாகக் குறைந்தது.

கருணை மனுவில் குடியரசுத் தலைவர் தன் மனப்படி முடிவெடுக்கிறாரா?

இல்லை. 72-ஆவது பிரிவிலும் உள்துறை அமைச்சகத்தின் ஆலோசனைப்படியே முடிவு. ஆனால் காலம் தாழ்த்துவதற்கு ஒரு விலை உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் மனுக்கள் 2000-இல் அனுப்பப்பட்டு 2011-இல் நிராகரிக்கப்பட்டன. அந்த 11 ஆண்டுத் தாமதத்தைக் காரணம் காட்டி 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. மூவரில் ஒருவரான பேரறிவாளனை விடுவிக்க மாநில அமைச்சரவை 2018-இல் பரிந்துரைத்தும், ஆளுநர் இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அதற்கு அரசமைப்பில் இடமில்லை என்று 2022 மே மாதத் தீர்ப்பு கூறியது.

அமைச்சர் வாய்மொழியாகச் சொன்னதை அதிகாரி செய்தாக வேண்டுமா?

எழுத்தில் கேட்கலாம், கேட்க வேண்டும். அமைச்சரவைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் வாய்மொழி உத்தரவுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. 311-ஆவது பிரிவு விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. இடமாற்றத்தைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை. நேர்மையான அதிகாரிகள் பலருக்கு நேர்வது அதுதான்.

என் மனுவை உண்மையில் யார் முடிவு செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. மத்திய அரசு அலுவலகத்துக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் முறையீடு, அதற்குப் பிறகு மத்தியத் தகவல் ஆணையம்.

பெரியப்பாவும் அப்படித்தான் செய்தார். "என் மனுவின்மீது என்ன நடவடிக்கை?" என்று கேட்டால் "பரிசீலனையில் இருந்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலைக் கேட்டோம். பச்சை நிறத் தாள்களில் நாளும் கையொப்பமுமாக எல்லாம் வந்தன. பிரிவு அலுவலர் இரண்டாவது வாரத்திலேயே "ஏற்கலாம்" என்று எழுதியிருந்தார். அடுத்த மேசையில் பதினொரு மாதம். அதன்பின் நிதிப் பிரிவின் ஒரு கேள்வி, ஒரு பதில், இணைச் செயலாளரின் சுருக்கொப்பம்.

பெரியப்பா அந்தத் தாள்களை மேசையில் பரப்பி வைத்து, பதினொரு மாதம் கோப்பு தூங்கிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். அடுத்த மனுவை அந்தப் பதவிக்கு நேரடியாக முகவரியிட்டு, தேதிகளைக் குறிப்பிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.